ஒரே ஒரு தடவை கேட்டவன்

1

ஊரில் எல்லாரும் சௌக்கியம் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதத் தொடங்குகிறேன். கேட்டுவிட்டு எழுதலாம்தான். கேட்டால் நீங்கள் பதில் போட வேண்டும், அது வரும்வரை நான் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது என்பது போன மாதம் ஆபீஸில் எழுத்துமூலமாகவே நிரூபணமாகிவிட்டது.

நான் இந்த நெதர்லாந்தில் வந்து விழுந்து பதினைந்து வருடம் ஆகிறது. அதை ஆபீஸில் கேக் வெட்டிக் கொண்டாடினோம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு விசேஷமோ அவரேதான் கேக் வாங்கிவந்து மற்றவர்களுக்கு ஊட்டிவிட வேண்டும். ஆக, என்னைப் பாராட்டி நானே கேக் வாங்கினேன். பதினோரு பேர் தின்றார்கள். அதில் இரண்டு பேர் நான் புதிதாகச் சேர்ந்தவன் என்று நினைத்துக் கைகுலுக்கினார்கள்.

எங்கள் கோயமுத்தூர் பங்குக் கோயிலில், அதாவது சர்ச்சில், என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. சகாயராஜ் கம்ப்யூட்டரில் பெரிய ஆள், அவன் இல்லாவிட்டால் அங்கே ஒரு ஆஸ்பத்திரியே நடக்காது என்று. இதைப் பரப்பியது நான்தான். உண்மையில் என் வேலை டெலிபோன் டைரக்டரியைக் கட்டிக்கொண்டு அழுவது. நான் இல்லாமல் அந்த ஆஸ்பத்திரி மிக நன்றாக நடக்கும். நான் இருந்து எப்படி நடந்தது என்பதைத்தான் கீழே சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். டிசம்பரில் ஊருக்கு வர டிக்கெட் எடுத்தாயிற்று. வந்தால் ஒப்பணக்காரத் தெருப் பக்கம் போகாமல் முடியாது. போனால் காதர் கண்ணில் படாமல் முடியாது. காதர் என் பள்ளிக்கூடத்து சிநேகிதன். பக்கத்துக் கோட்டைமேட்டுக்காரன். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். ஏழு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. டிக்கெட் எடுத்த அன்று என் மனைவி நிர்மலா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏனுங்க, இந்தத் தடவயும் அந்தத் தெருவுல குனிஞ்சுட்டேதான் நடக்கப் போறீங்களா?"

நான் குனிந்து டிக்கெட்டில் எழுத்துப்பிழை தேடினேன். எனக்கு இந்தக் கலை நன்றாக வரும்.

2

டைரக்டரி என்றால் என்ன என்று ஊரில் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அத்தனை பேருடைய பெயர், பிரிவு, அறை, போன் நம்பர் எல்லாம் சர்வர் என்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டரில் கிடக்கும். யாராவது ஒரு பெயரைக் கேட்டால் அது தேடிச் சொல்லும். இவ்வளவுதான். இதற்குத்தான் நான் மூட்டை கட்டிக்கொண்டு ஏழு கடல் தாண்டி வந்தேன்.

அந்த சர்வரிடம் கேள்வி கேட்க இரண்டு வழி. முதல் வழி, மரியாதையான வழி. முதலில் ஒரு இணைப்பு போட வேண்டும். நான் வந்திருக்கிறேன், கேட்கிறதா, கேட்கிறது, உனக்குக் கேட்கிறதா, நான் இன்னார், வரலாமா, வாங்க என்றெல்லாம் ஆன பிறகுதான் கேள்வி. நம்மூர்க்காரர்கள் கண்டுபிடித்த மாதிரியே இருக்கும். வாசலில் நின்று ஏனுங்க என்று கூப்பிட்டு, வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா என்று விசாரித்து, எழுந்து கிளம்பும்போது வந்த விஷயத்தைச் சொல்வோமே, அப்படி.

இரண்டாவது வழி இணைப்பே இல்லாதது. போகிற போக்கில் கேள்வியை ஒரு பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குள் வீசிவிட்டுப் போவது. வணக்கம் இல்லை, வீசியது யார் என்று சொல்லக்கூட வேண்டியதில்லை. பொட்டலம் உள்ளே விழுந்ததா, சாக்கடையில் விழுந்ததா, யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பவர் பதிலை இன்னொரு பொட்டலமாகக் கட்டி வெளியே வீசுவார். அதுவும் உங்கள் மேல் விழலாம், விழாமலும் போகலாம். பொறுப்பு யாருக்கும் கிடையாது. இதை ஒரு கூட்டம் உட்கார்ந்து யோசித்து, விதியாக எழுதி, அதற்கு ஒரு எண் கொடுத்து, உலகத்துக்கு வழங்கியிருக்கிறது. வேகமாக இருக்குமாம். வேகமாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் நுழையாமல் துக்கம் விசாரிப்பதுகூட வேகமாகத்தான் இருக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரியின் நடைபாதைச் சுவர்களில் பழைய போன்கள் உண்டு. சின்னத் திரை, அதில் பெயரைத் தட்டினால் நம்பர் வரும். அவற்றுக்கு இரண்டாவது வழிதான் தெரியும். மாற்றலாமே என்றால், மாற்ற ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். நான் சேர்ந்த வருடம் அமைத்தது. அதில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆகவே போனுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்து கேள்வியை வாங்கி வீசி, பதிலைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிரலை நான் எழுதினேன். அதில் ஒரு வரி இப்படி: இரண்டு விநாடி பார், பதில் வராவிட்டால், "அப்படி ஒருவர் இங்கு இல்லை" என்று திரையில் காட்டு.

எழுதியபோது எனக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இப்போதும் கோயமுத்தூரில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

3

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு கட்டடம் கட்டினார்கள். கண்ணாடியும் மரமுமாக, உள்ளே செடியெல்லாம் வைத்து, பரிசு வாங்கிய கட்டடம். அதன் ஒயரிங் மட்டும் யாரும் பரிசு கொடுக்கும் லட்சணத்தில் இல்லை. பொட்டலங்கள் வழியில் உதிர ஆரம்பித்தன. எலும்பு மருத்துவப் பிரிவின் தலைமை டாக்டர் அந்தக் கட்டடத்துக்குக் குடிபோனார். அவர் பெயரை அங்கிருக்கும் போனில் தட்டினால் பாதி நேரம் நம்பர் வரும், பாதி நேரம் அப்படி ஒருவர் இங்கு இல்லை என்று வரும்.

நம்மூராக இருந்தால் போனைத் தலையில் இரண்டு தட்டு தட்டியிருப்பார்கள். இவர்களுக்குத் திரையில் எழுதியிருந்தால் அது அரசாணை. டாக்டர் வேலையை விட்டுவிட்டார் என்று ஒரு வார்டில் முடிவாகிவிட்டது. நல்ல மனசுக்காரியான ஒரு நர்ஸ் வழியனுப்பு அட்டை ஒன்று வாங்கி, கையெழுத்து வாங்க ஒவ்வொரு மேசையாக அனுப்பினாள். அட்டை சுற்றிச் சுற்றி மூன்றாவது வாரம் டாக்டர் மேசைக்கே வந்தது. அவரும் யாருக்கு என்று பார்க்காமல் நல்வாழ்த்துகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகுதான் மேலே இருந்த பெயரைப் படித்தாராம்.

என் மேலாளர் ஹன்னா. ஆறடி உயரம், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாத பெண்மணி. என் நிரலைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

"பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று உனக்கு யார் சொன்னது?"

இதற்கு நான் சொன்ன விளக்கத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம் என்று சொன்னேன். பெண் கேட்டுப் போனால், பெண் வீட்டார் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், கலந்துபோட்டுச் சொல்றோமுங்க என்பார்கள். அப்புறம் சொல்லவே மாட்டார்கள். அந்த மௌனத்துக்கு இல்லை என்று பொருள். மறுபடி போன் செய்து கேட்பவன் நாகரிகம் தெரியாதவன். எனக்கே மூன்று வீட்டில் அப்படி நடந்தது. நாலாவது வீடான நிர்மலா வீட்டில் அன்றைக்கே சரி என்றார்கள். பெண்ணுக்கு ஏதாவது குறையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனையையும் ஒரு கூட்டத்தில், ஒன்பது பேர் முன்னால், அவர்கள் மொழியில் சொன்னேன்.

ஹன்னா முழுவதையும் கேட்டாள். பிறகு பலகையில் எழுதினாள். பதில் வராததற்குக் காரணங்கள்: கேள்வி வழியில் தொலைந்திருக்கலாம். சர்வர் தூங்கியிருக்கலாம். பதில் கிளம்பி அது வழியில் தொலைந்திருக்கலாம். அல்லது பதில் வந்துசேர்ந்தபோது நீ கடையைக் கட்டியிருக்கலாம். ஆள் இல்லை என்றால் சர்வர் அதையும் சொல்லும், தேடினேன், யாரும் இல்லை என்று. அது ஒரு பதில். மௌனம் பதிலே அல்ல.

"எத்தனை தடவை கேட்டாய்?" என்றாள்.

"ஒரு தடவை."

"ஏன் ஒரு தடவை?"

"இரண்டாம் தடவை கேட்டால் மரியாதையாக இருக்காது."

ஒன்பது பேரும் சிரித்தார்கள். இந்த நாட்டில் மனிதர்கள் சிரிப்பதை ஒரே அறையில் அவ்வளவு பேராக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு சர்வரிடம் மரியாதை பார்த்தவன் என்று என் பெயர் இப்போது மூன்று மாடிக்குப் பரவியிருக்கிறது. பதினைந்து வருடத்தில் நான் ஈட்டிய முதல் புகழ்.

நிரலைத் திருத்த அரை நாள் ஆனது. மூன்று தடவை கேட்கும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கும், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எண் இருப்பதால் தாமதமாக வரும் பதிலும் எந்தக் கேள்விக்குரியது என்று தெரியும். "இல்லை" என்பதை "பதில் வரவில்லை" என்று மாற்ற மட்டும் ஐந்து வாரம் ஆனது. திரையில் வரும் வாசகங்களுக்கு ஒரு தனிக் குழு. அவர்கள் அந்த இரண்டு சொல்லும் நோயாளிகளுக்கு மனச்சோர்வு தருமா என்று விவாதித்தார்கள்.

4

இனி காதர்.

நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஒருவரை ஒருவர் ஒரு நாளும் நல்ல வார்த்தையில் கூப்பிட்டதில்லை. நான் விமானம் ஏறிய அன்று கடையைச் சாத்திவிட்டு வந்து, என் பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தவன் அவன்தான். காயில் கட்டுகிற கை, முடிச்சை இங்கே வந்து கத்தரிக்கோலால்தான் அவிழ்த்தேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தோம். பதினாறு நாள் லீவு, போய்த் தீர வேண்டிய வீடுகள் அதைவிட அதிகம். ஈரோட்டில் மாமனார் வீடு, காரமடையில் சின்ன மாமியார் வீடு, அங்கே போய்விட்டு இங்கே வரவில்லையா என்று கேட்கக்கூடிய வீடுகள். ஆகவே காதர் உட்படச் சிலரிடம் இந்த வருடம் வரவில்லை என்று சொல்லிவைத்தேன். கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பியவர்களிடம் மட்டும் அப்படிச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுடைய அயோக்கியத்தனம் இதுதான். யாருடைய அன்பு உறுதியோ அவர்களிடம்தான் பொய் சொல்வான்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஒப்பணக்காரத் தெருவில் ஜவுளிக் கடையிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் காதர், ஸ்கூட்டரில் செம்புக் கம்பிச் சுருளோடு. அவன் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். உடனே குனிந்து செருப்புக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தேன்.

நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

இல்லாத கயிற்றை நான் எவ்வளவு நேரம் கட்டினேன் என்று தெரியவில்லை. பின்னால் வந்த நிர்மலா எதைத் தொலைத்தேன் என்று கேட்டு அவளும் குனிந்து தேடினாள். நிமிர்ந்தபோது ஸ்கூட்டர் இல்லை.

இங்கே திரும்பி வந்து ஒரு வாரம் யோசித்து வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினேன். "நல்லா இருக்கீங்களா? கோவம் ஒண்ணும் இல்லீங்களே?" அவ்வளவுதான். பதில் வரவில்லை. வரவில்லை என்றால் கோபம் என்று பொருள். மறுபடி கேட்பது நாகரிகம் அல்ல. ஏழு வருடம் அந்த நாகரிகத்தைக் கட்டிக் காத்தேன். எவனாவது எனக்கும் ஒரு வழியனுப்பு அட்டை வாங்கியிருக்கலாம்.

5

வீட்டில் எனக்கு இந்த விஷயத்தில் அனுதாபம் கிடையாது. என் மகள் ஜெனிக்குப் பதினாலு வயது. அவள் முழுக்க முழுக்க இரண்டாவது வழி. என் அறைக் கதவைத் திறப்பாள், "அப்பா, சார்ஜர்" என்பாள், கதவு மூடிக்கொள்ளும். கேள்வியா கட்டளையா, நான் பதில் சொன்னேனா, அவளுக்கு அக்கறையில்லை. தமிழில் ங்க என்ற எழுத்துக்கூட்டம் எதற்கு என்று அவளுக்கு நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். போன வருடம் வந்திருந்த நிர்மலாவின் பெரியப்பாவிடம், "தாத்தா, நீ எப்ப போவ?" என்று அன்போடு கேட்டாள். அவர் மறுநாளே கிளம்புகிறேன் என்றார்.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இங்கே வந்த புதிதில் ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது நம் வழக்கப்படி வாரேன் என்று அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் நான் வருவேன் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என் கடிதங்களில் தொந்தரவு இல்லையென்றால், நேரம் இருந்தால், தவறாக நினைக்காவிட்டால் என்று அடுக்கிவைத்து எழுதுவேன். இதற்குள் எங்காவது கேள்வி இருக்கிறதா என்று ஹன்னா ஒருமுறை திருப்பி எழுதினாள்.

அட்டை விவகாரத்தை நிர்மலாவிடம் ஒரு ஹாஸ்யமாகத்தான் சொன்னேன். அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"நம்மூட்டுக்கு ஆராச்சும் வந்தா சோறு உண்ணுங்கன்னு எத்தன தடவ கேப்பீங்க?"

மூன்று தடவையாவது கேட்பேன் என்றேன். முதல் தடவை எல்லாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அது வேண்டாம் ஆகாது.

"ஒரு தடவ கேட்டுப்போட்டு உட்டா?"

அது அவமானம் என்றேன். கூப்பிடாமலே இருந்திருக்கலாம்.

"அப்பறம் காதரண்ணனுக்கு மட்டும் ஏனுங்க ஒரு தடவ?"

தோசையைத் திருப்பிப் போட்டாள். வாழ்க்கை முழுவதும் இலைக்கு முன்னால் மூன்று தடவை கேட்டவன், கேள்வி என்று வந்ததும் ஒரு தடவையோடு நின்றிருக்கிறேன். சோற்றுக்கு ஒரு நாகரிகம், மனுஷனுக்கு ஒரு நாகரிகம். ஹன்னா பலகையில் நாலு காரணம் எழுதினாள். எழுதாமல் விட்ட ஐந்தாவது காரணம் ஒன்று இருந்தது. மறுபடி கேட்டால் பதில் வந்துவிடும் என்று எனக்குப் பயம்.

6

திங்கட்கிழமை டிராமில் உட்கார்ந்து அனுப்பினேன். "நல்லா இருக்கீங்களா? இன்னும் கோவமுங்களா?" பதில் இல்லை. புதன்கிழமை வரை காத்திருந்தேன். நிரலில் கூடுதலாகக் காத்திருக்கச் சொல்லி எழுதியவன் நான்தானே. புதன்கிழமை மூன்றாவது. இந்தத் தடவை அவசரத்தில் நாகரிகம் கொஞ்சம் உதிர்ந்துவிட்டது. "காதரு, நான் சகாயம். அன்னைக்குத் தெருவுல உன்னப் பாத்தேன். பாத்துட்டுத்தான் குனிஞ்சேன்."

வியாழக்கிழமை காலை காபி இயந்திரத்தின் முன் நிற்கும்போது ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம்.

"டேய் சகாயம், நீதானாடா இது? போன் தண்ணில உழுந்து நம்பரெல்லாம் போயி எத்தன வருசமாச்சு. வெளிநாட்டு நம்பர்ல இருந்து எவனோ நல்லா இருக்கீங்களா, கோவமுங்களான்னு கேக்கறான், லாட்டரி உழுந்துருக்குன்னு சொல்லற கும்பலாட்ட இருக்குதுன்னு அழிச்சுப்போட்டேன். நீ என்னைய எப்படா ங்க போட்டுப் பேசிருக்கற? மரியாதையாக் கேட்டா நான் எப்படிடா உன்னைய நினைப்பேன்?"

அதோடு முடிந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நான்காம் தடவையாகத் தட்டினேன். கோவமா இல்லையாடா, சொல்லு. இதற்கு இரண்டு நிமிடத்தில் குரல் வந்தது, இப்போது மோட்டாரை நிறுத்தியிருந்தான்.

"கோவமான்னா கேக்கற? அதெல்லாம் இந்தப் போன் சந்துல சொல்லி முடியாது. அன்னைக்கு ஊட்டுக்குப் போயி நான் சோறு உண்ணல, தெரியுமா உனக்கு? கடைக்கு வா. நேர்ல சொல்றேன்."

அந்த இணைப்பில்லாத வழியில் சர்வர் சொல்லக்கூடிய பதில் இன்னொன்று உண்டு. தேடிப் பார்க்கும், விடை நிறைய இருக்கும், ஒரே பொட்டலத்தில் அடங்காது. அப்போது அது பாதியைக் கிழித்து வீசாது. விடை பெரிது, இணைப்பு எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொல்லும். பதினைந்து வருடத்தில் அந்தப் பதிலை நான் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் யாரைப் பற்றியும் யாரிடமும் சொல்ல அவ்வளவு இருந்ததில்லை.

காதர் பத்து மணிக்குக் கடை திறப்பான். டிசம்பரில் வந்து இறங்கிய மறுநாள் காலை ஒன்பதரைக்கே போய் ஷட்டர் முன்னால் நிற்பதாக இருக்கிறேன். ஏழு வருடத்துத் திட்டு, ஒரு சொல்லும் வழியில் உதிராமல் வந்து சேரட்டும்.